சீனிக்குப் பத்தியம்

"இன்னையிலேர்ந்து சீனி விசயத்த நான் பாத்துக்கிறேன். இதுல நீ தலையிடக் கூடாது!"

முன்னறையின் நடுவில் நின்று அலி அக்பர் இப்படி அறிவித்தபோது அவர் கையில் ஒரு லேபிள் தாள் இருந்தது. தாளில் ஒரு புலி வாயைப் பிளந்துகொண்டு நின்றது. புலியின் மீசையிலிருந்து சொட்டுச் சொட்டாக ஈரம் வடிந்தது. அதன் வாடை வாசல் வரைக்கும் அடித்தது.

சிவகாசியில் வெடி செய்கிறவர்கள் ஒரு ரகம். வெடி டப்பாவின் மேல் ஒட்டுகிற லேபிளுக்கு ஆர்டர் பிடித்து, அச்சாபீசில் அடித்து வாங்கிக் கொடுக்கிறவர்கள் இன்னொரு ரகம். அலி அக்பர் இரண்டாவது ரகம். எம். புதுப்பட்டி முதலாளி ஒருவர் இந்த சீசனுக்குப் புலி மார்க் வேண்டும் என்று கேட்டிருந்தார். அன்று முற்பகல் அவரிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டிய மாதிரித் தாள் அது. ஊருக்கெல்லாம் புலி அடித்துக் கொடுக்கிற மனுசனின் புலியை ஒரு பூனை அடித்துவிட்டது.

அலி அக்பர் வீட்டில் சீனி இரண்டு. ஒன்று அவர் ரத்தத்தில் ஓடியது. இன்னொன்று வீட்டுக்குள் ஓடியது. முதல் சீனியைக் கண்டுபிடித்தவர் டாக்டர் ரத்தினசாமி. இரண்டாவதைக் கண்டுபிடித்தவள் மகள் சுமைரா. மார்க்கெட்டுக்குப் பின்னால் ஓர் அட்டைப்பெட்டிக்குள் கிடந்தது. வெள்ளை வெளேரென்று இருந்ததால் அந்தப் பெயர். "சீனி எப்பிடி இருக்கு பாய்?" என்று யாராவது கேட்டால், எதைக் கேட்கிறார்கள் என்று அவர் யோசிப்பதே இல்லை. "கட்டுக்குள்ள இல்ல" என்பார். இரண்டுக்கும் அந்தப் பதில் பொருந்தியது.

முதல் சீனிக்கு டாக்டர் பத்தியம் சொல்லியிருந்தார். பொரித்தது கூடாது. உப்பைக் குறைக்க வேண்டும். ஆவியில் வெந்த மீன், காய், கேப்பை ரொட்டி, தினமும் நடை. பெண்டாட்டி சம்சாத் ஒரே ஒரு நாள் அப்படிச் சமைத்து வைத்தாள். அலி அக்பர் தட்டைத் தள்ளிவிட்டார். "நான் என்ன ஆஸ்பத்திரியிலயா படுத்திருக்கேன்?" என்றார். பேப்பர் லோடு விசயமாக விருதுநகர் போகும்போதெல்லாம் பொரிச்ச பரோட்டாவை ஒரு வெட்டு வெட்டிவிட்டு, ஒன்றும் தெரியாதவர் போல வீட்டுக்கு வந்தார். சட்டைப் பையில் எண்ணெய்க் கறை வட்டமாக நிற்கும். சம்சாத் அந்தக் கறையைப் பார்ப்பாள். ஒன்றும் சொல்ல மாட்டாள். சத்தம் போடுகிற பெண்டாட்டியைச் சமாளித்துவிடலாம். சம்சாத் சத்தமே போடாதவள்.

இரண்டாவது சீனிக்கு என்ன நோய் என்று யாருக்கும் தெரியவில்லை. சுமைராவைக் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளையோடு துபாய்க்குக் கிளம்பும்போது அவள் அத்தாவைக் கட்டிக்கொண்டு அழவில்லை, அம்மாவைக் கட்டிக்கொண்டு அழவில்லை. பூனையைக் கட்டிக்கொண்டு அழுதாள். "அத்தா, நான் பெருநாளைக்கு வரும்போது சீனி இப்பிடியே இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் இருந்தவரை பிளாஸ்டிக் தொட்டியில் மணல் பரப்பி வைத்தால் அது பாட்டுக்குப் போய், இருந்து, மூடிவிட்டு வரும். அவள் போனதிலிருந்து தொட்டியின் பக்கமே திரும்பவில்லை. மற்ற எல்லாப் பக்கமும் திரும்பியது.

"நீங்க என்னத்தப் பாக்கப் போறீக?" என்றாள் சம்சாத். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தவில்லை.

"எல்லாத்தையும்."

"அது தொட்டியில போகாது. போக வச்சிருவீகளா?"

"வைக்கிறேனா இல்லையா பாரு. இல்லன்னா தாயில்பட்டி குடோன்ல கொண்டுபோய் விட்டுருவேன். அங்கன எலி அம்புட்டு கெடக்கு."

"விடுங்க. வெள்ளிக்கெழம சுமைரா போன் போடுவா. நீங்களே சொல்லிருங்க."

அலி அக்பர் ஈரப் புலியைச் சுருட்டிக்கொண்டு வெளியே போனார். குடோன் பேச்சு அதோடு முடிந்தது.

அன்று சாயங்காலமே காரியத்தில் இறங்கினார். எதையும் ஒரே இடத்தில் வைத்தால்தான் ஒழுங்கு வரும் என்பது தொழிலில் அவர் கண்டது. மாடிப்படிக்குக் கீழே, தண்ணீர் மோட்டாருக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கினார். தொட்டியும் அங்கே. சாப்பாட்டுக் கிண்ணமும் அங்கே. இரண்டுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. தொட்டியிலிருந்த ஆற்று மணலை வெளியே கொட்டிவிட்டு, அச்சாபீசில் லேபிள் ஓரம் நறுக்கிப்போட்ட வெட்டுத்தாளில் ஒரு சாக்கு கொண்டுவந்து பரப்பினார். பல நிறத்தில் பூப்பூவாக இருந்தது. சுத்தத்துக்கு இரண்டு மூடி பினாயில் ஊற்றினார். பினாயில் வாடை பிடிக்காமல் போய்விடுமோ என்று மேலே அத்தர் தெளித்தார். தொட்டி கல்யாண மாப்பிள்ளை மாதிரி மணத்தது. கிண்ணத்தையும் மாற்றினார். பழைய அலுமினியத் தட்டு போய், ஆழமான எவர்சில்வர் கிண்ணம் வந்தது.

சீனி வந்தது. தொட்டியை மோந்தது. மூன்று தும்மல் போட்டது. அலி அக்பரை ஏற இறங்கப் பார்த்தது.

"அதுக்குத் தெரியல. நாமதான் சொல்லிக் குடுக்கணும்" என்று அவர் முட்டி போட்டு உட்கார்ந்தார். இரண்டு கையையும் பூனையின் முன்னங்கால் போல மடக்கி, வெட்டுத்தாளைப் பறண்டிக் காட்டினார். குழி தோண்டினார். மூடினார். மறுபடி தோண்டினார்.

சம்சாத் தண்ணீர்க் குடத்தோடு வந்து நின்றாள்.

"என்ன செய்யிறீக?"

"சொல்லிக் குடுக்கிறேன்."

"முழுசாச் சொல்லிக் குடுக்கப் போறீகளா, பாதியோட நிப்பாட்டிருவீகளா?"

அதே நேரம், போயிருந்த கரண்டு வந்தது. மோட்டார் 'கொர்ர்ர்' என்று அலறியது. சீனி இருந்த இடத்திலிருந்து செங்குத்தாகக் கிளம்பி, அவர் தோளில் ஒரு கால் வைத்து, தலையில் இரண்டு கால் வைத்து, படிக்கட்டுக்குத் தாவி மறைந்தது. அவர் தொழுகைத் தொப்பிக்கு அடியில் நாலு கோடு விழுந்தது. சம்சாத் தேங்காய் எண்ணெய் எடுத்துவந்து தடவிவிட்டாள். சிரிக்கவில்லை. அதுதான் அவருக்குத் தாங்க முடியவில்லை.

அதற்குப் பிறகு சீனி தொட்டியை மட்டுமல்ல, கிண்ணத்தையும் விட்டுவிட்டது. நெத்திலி வைத்தார். திரும்பிப் பார்க்கவில்லை. ஃபிரிட்ஜிலிருந்து மீன் துண்டை எடுத்து அப்படியே வைத்தார். மோந்துவிட்டு நகர்ந்தது. ஊற்றி வைத்த பால் ஆடை கட்டியது. சீனி கட்டிலுக்கு அடியில் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டது.

அலி அக்பருக்கு முதலில் கோபம் வந்தது. மறுநாளும் அது எழுந்து வராதபோது பயம் வந்தது. தரையில் குப்புறப் படுத்து, கட்டிலுக்கு அடியில் தலையை விட்டார்.

"ஏலே சீனி… அத்தா மேல கோவமா? குடோன்லயெல்லாம் விட மாட்டேன்லே. சும்மா சொன்னது. ஒரு வாய் தின்னுருலே."

சீனி காதை மட்டும் ஆட்டியது. வெள்ளிக்கிழமை மகள் கேட்டால் என்ன சொல்வது? அதைவிட, வெள்ளிக்கிழமைக்குள் இதற்கு ஏதாவது ஆகிவிட்டால்?

"கெளம்புங்க" என்றாள் சம்சாத். அவள் ஏற்கெனவே சேலை மாற்றியிருந்தாள். ஒயர் கூடைக்குள் பழைய துண்டை விரித்து, அதற்குள் சீனியை உட்காரவைத்து, மேலே இன்னொரு துண்டைக் கட்டியிருந்தாள்.

மாட்டு டாக்டர் சங்கரபாண்டியனின் வாசலில் இரண்டு வெள்ளாடுகளும் ஒரு காளைக் கன்றும் காத்திருந்தன. கூடைக்குள்ளிருந்து வந்த ஒரு 'மியாவ்'வுக்கு மூன்றும் வழிவிட்டன. டாக்டர் சீனியின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார், வாயைத் திறந்து பார்த்தார், மூத்திரத்தைச் சோதித்தார்.

"நோய் ஒண்ணும் இல்ல. ஆனா பூனை பட்டினி கெடக்கக் கூடாது, ஈரல் கெட்டுப்போகும். நல்ல நேரத்துல கொண்டுவந்தீக. வீட்ல எதையும் மாத்துனீகளா?"

அலி அக்பர் நிமிர்ந்து உட்கார்ந்து, தாம் செய்த ஏற்பாடுகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். வெட்டுத்தாள், பினாயில், அத்தர், மோட்டார், கிண்ணம். சொல்லச் சொல்ல டாக்டரின் புருவம் மேலே போய்க்கொண்டே இருந்தது.

"தொட்டிக்கும் கிண்ணத்துக்கும் எம்புட்டு தூரம்?"

"ரெண்டும் பக்கத்துல பக்கத்துல டாக்டர். அதுக்கு அலைச்சல் இருக்கக் கூடாதுல்ல."

சம்சாத் முதல் முறையாக வாயைத் திறந்தாள். "ஏங்க, கக்கூசுக்குள்ள எலையப் போட்டுச் சோறு வச்சா நீங்க உக்காந்து தின்பீகளா?"

டாக்டர் மேசையைத் தட்டிச் சிரித்தார். "அம்மா சொல்லுறதுதான் விசயம். பூனை நம்மளவிட ஆசாரம் பாக்கும். திங்கிற எடம் வேற, போற எடம் வேற. போற எடத்துல சத்தம் இருக்கக் கூடாது, ஆள் நடமாட்டம் இருக்கக் கூடாது. வாசனை எதுவும் போடாதீக, ஒங்களுக்கு மணக்குறது அதுக்கு நெடி. பழைய மணலையே போட்டு தினமும் அள்ளிருங்க. கிண்ணம் ஆழமா இருந்தா மீசை இடிக்கும், தட்டையான தட்டுல வைங்க. ஃபிரிட்ஜிலேர்ந்து எடுத்துக் குடுத்தா வாசமே தெரியாது. மீன அவிச்சு, முள்ளெடுத்து, வெதுவெதுன்னு குடுங்க. உப்பு, காரம், வெங்காயம் கூடாது."

"மகளத் தேடுதோ டாக்டர்?" என்று கேட்டாள் சம்சாத்.

"தேடும். அவுக துணி ஏதாவது இருந்தா படுக்கையில போட்டு வைங்க."

அலி அக்பர் மலைத்துப்போனார். மீசை இடிக்கும் என்று ஒரு ஜீவன் பட்டினி கிடக்குமா? வீடு திரும்பும் வழியெல்லாம் கூடைக்குள் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

சம்சாத் பின்கட்டில், பழைய கொடிக்கயிறு கிடக்கிற மூலையில் தொட்டியை வைத்தாள். ஆற்று மணலைச் சலித்துப் போட்டாள். "ஆரும் இங்கிட்டு வரக் கூடாது" என்று புருசனைப் பார்த்து மட்டும் சொன்னாள். வீட்டில் வேறு யாரும் இல்லை. அலி அக்பர் ஜன்னல் இடுக்கில் கண்ணை வைத்துக் காத்திருந்தார். கழுத்து வலித்தது. கொசு கடித்தது. அசையவில்லை.

சீனி வந்தது. மணலைச் சுற்றி ஒரு நடை நடந்தது. ஒரு காலை எடுத்து வைத்தது. யோசித்தது. அடுத்த காலையும் வைத்தது. குழி தோண்டியது, அளவாக. உட்கார்ந்தது, பார்வையைத் தூரத்தில் எங்கேயோ நிறுத்தி, பெரிய கணக்கொன்றைப் போடுகிறவர் மாதிரி. எழுந்தது. மோந்து சரிபார்த்தது. நாலு பக்கமிருந்தும் மணலை இழுத்து மூடியது. ஒரு மணல் வெளியே சிந்தவில்லை. காலை உதறிவிட்டு, திரும்பிப் பாராமல் போனது.

"மாஷா அல்லா…" என்றார் அலி அக்பர். அவர் கண் கலங்கியிருந்தது. எத்தனையோ கம்பெனி மெஷின்களைப் பார்த்தவர். இப்படி ஒரு வேலை சுத்தத்தை எங்கேயும் பார்த்ததில்லை.

தொட்டிப் பிரச்சினை தீர்ந்தது. அடுத்து சாப்பாடு. அதில்தான் அலி அக்பர் வழுக்கினார்.

மறுநாள் சாயங்காலம் அவர் வீட்டுக்குள் நுழையும்போது மீன் வேகும் வாசனை வந்தது. மூக்கு முன்னால் போக, அவர் பின்னால் போனார். அடுப்படி அலமாரியில் ஒரு சின்ன மண்சட்டி மூடியிருந்தது.

"என்ன மீனு?"

"அது சீனிக்கு. தொடாதீக."

"எனக்கு?"

"ஒங்களுக்கு ரசமும் கத்திரிக்காயும் இருக்கு. நீங்கதான் அவிச்ச மீன் ஆஸ்பத்திரிச் சாப்பாடும்பீகளே. சட்டிய இங்கன வச்சுருக்கேன், சீனிக்குப் பசிச்சா அதுவே வந்து எடுத்துக்கிரும். நான் மாடிக்குத் துணி எடுக்கப் போறேன்."

மாடிப்படி அலி அக்பருக்கு ஆகாது. படி ஏறினால் மட்டும் முட்டி பிடித்துக்கொள்ளும். அதனால் மாடி சம்சாத்தின் ராஜ்யம். அவள் காலடிச் சத்தம் மேலே போனது. அலி அக்பர் சட்டியைப் பார்த்தார். தொடாதீக என்று சொன்னதுதான் தப்பு. அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் அவர் ரசத்தைக் குடித்துவிட்டுப் படுத்திருப்பார்.

ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டார். உப்பில்லை, காரமில்லை. ஆனால் திருட்டு இருந்தது. யா அல்லா, என்ன ருசி! இன்னொரு துண்டு. அப்புறம் சட்டியில் மிச்சமிருப்பது விகாரமாகத் தெரிந்ததால் அதையும். முள்ளைக் கையிலிருந்த லேபிள் தாளில் மடித்து ஜன்னல் வழியாக எறிந்தார். மூடியை வைத்துவிட்டு முன்னறைக்கு வந்து பேப்பர் படித்தார்.

சம்சாத் இறங்கிவந்து சட்டியைத் திறந்தாள். "அடி என் சமத்து! சீனி எல்லாத்தையும் தின்னுருச்சுங்க!"

"நல்லாப் பசிச்சிருக்கும்" என்றார் அலி அக்பர், பேப்பருக்குப் பின்னாலிருந்து.

மறுநாள் சட்டியில் மீன் கூடியிருந்தது. அதையும் சீனி தின்றது. சில நாளில் மீனோடு அவரைக்காய் இருந்தது.

"பூனைக்கு அவரைக்காயா?" என்று, பார்க்காதவர் போலக் கேட்டுவைத்தார்.

"ஒங்களுக்கு எப்பிடித் தெரியும் அதுல அவரைக்கா இருக்குன்னு?"

"வாடை அடிச்சுச்சு."

"வயித்துக்கு நல்லதாம்."

அவரைக்காய் போய் பாகற்காய் வந்தது. பாகற்காயை அலி அக்பர் தம் கல்யாணத்துக்கு முன்னும் தின்றதில்லை, பின்னும் தின்றதில்லை. ஆனால் மீனை மட்டும் தின்றுவிட்டு பாகற்காயை விட்டால் சந்தேகம் வந்துவிடுமே! கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். ஒரு கட்டத்தில் சட்டிக்கு மேல் இரண்டு கேப்பை ரொட்டியும் வந்து உட்கார்ந்தது.

"ரொட்டி கூடவா திங்கும்?"

"வெறும் மீனு தெகட்டுதுல்ல, பாவம்."

ரொட்டியையும் பிட்டுத் தொட்டுத் தின்றார். வயிறு நிறைந்தது. விருதுநகர் போன அன்றுகூடப் பரோட்டாக் கடையைத் தாண்டி வண்டியை நேராக வீட்டுக்கு விட்டார். பூனைச் சட்டி காத்திருந்தது.

போதாததற்கு இன்னொரு வேலையும் சேர்ந்தது. காலையில் அவர் எழுந்ததும் சம்சாத் பதறிக்கொண்டு வருவாள். "சீனியக் காணோங்க! கண்மாய்க்கரை வரைக்கும் பாத்துட்டு வாங்க!" குற்றமுள்ள மனுசன், மறுக்க முடியுமா? பசி தாங்காமல் ஓடியிருக்குமோ என்று பதைத்து, "சீனி… சீனி…" என்று கூப்பிட்டுக்கொண்டே கண்மாய்க்கரை வரை வேகமாக நடப்பார். வியர்த்து வழியத் திரும்பி வந்தால் அது வாசற்படியில் உட்கார்ந்து முகம் கழுவிக்கொண்டிருக்கும். தினமும் இதே கதை.

ஆனால் அவரை உலுக்கியது இவை எதுவும் இல்லை. சீனியின் உடம்பு.

சட்டியில் இருப்பதை ஒரு பருக்கை விடாமல் அவர்தான் தின்கிறார். அப்படியானால் சீனி இளைத்துத் துரும்பாக வேண்டும். இளைக்கவில்லை. முதலில் கன்னம் வைத்தது. பிறகு தொப்பை வைத்தது. வெள்ளை முடி பட்டு மாதிரி மின்னியது. நடக்கும்போது வயிறு தரையைத் துடைத்தது. ஒரு நாள் மனம் கேட்காமல் மீன் துண்டு ஒன்றை ஒதுக்கி அதன் முன்னால் நீட்டினார். சீனி அதை மோந்துவிட்டு, 'எனக்கெதற்கு?' என்பது போல வாலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

அலி அக்பருக்கு மயிர் சிலிர்த்தது. அச்சாபீஸ் முதலாளி கோட்டைச்சாமி அவருக்குப் பால்ய சிநேகிதர். மெஷின் சத்தத்துக்கு மேல் அவர் காதில் போய்ச் சொன்னார்.

"கோட்டைச்சாமி, எங்க வீட்டுப் பூனை சாப்பிடுறதே இல்ல."

"டாக்டர்ட்ட காட்டுங்க பாய்."

"குண்டாகுது."

கோட்டைச்சாமி மெஷினை நிறுத்தினார். "என்னது?"

"சாப்பிடாமலே குண்டாகுது. என் கண்ணால பாக்குறேன். கையில மீனக் குடுத்தாலும் வேணாங்குது."

"நெசமாவா? அதுக்குச் சாப்பாடு வைக்கிறது ஆரு?"

"வைக்கிறது சம்சாத்து. அது திங்கலங்கிறது எனக்கு மட்டுந்தான் தெரியும்."

"எப்பிடித் தெரியும்?"

"அதக் கேக்காத."

கோட்டைச்சாமி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "பாய், சாதாரணப் பூனை இல்ல அது. பாத்துப் பக்குவமா நடந்துக்கங்க."

அன்றிலிருந்து சீனி எதிரே வந்தால் அலி அக்பர் ஒதுங்கி வழிவிட்டார். அது நாற்காலியில் படுத்திருந்தால் அவர் தரையில் உட்கார்ந்தார். வெள்ளிக்கிழமை சுமைரா போனில் கேட்டபோது, "சீனி ஒரு பெரிய பிறவிம்மா. நாமதான் தெரிஞ்சுக்காம இருந்துட்டோம்" என்றார். அந்தப் பக்கம் மகள், "அம்மாட்ட குடுங்கத்தா" என்றாள்.

ரத்தப் பரிசோதனைக்கு நாள் வந்தது. வழக்கமாக சாக்குச் சொல்லித் தள்ளிப்போடுகிறவரை சம்சாத் வண்டியின் பின்னால் உட்கார்ந்து கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் ரத்தினசாமி ரிசல்ட்டைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"பாய், இது ஒங்க ரத்தந்தானா?"

"ஏன் டாக்டர்?" என்றார் அலி அக்பர்.

"சீனி பாதிக்குப் பாதி எறங்கிருச்சு! பிரஷரும் எறங்கிருச்சு. எடையும் கொறஞ்சிருக்கு. என் அனுபவத்துல இப்பிடிப் பாத்ததே இல்ல. எப்பிடிச் சாதிச்சீக?"

அலி அக்பருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் பாராட்டு வரும்போது விளக்கம் கேட்பது அவர் வழக்கமில்லை. நெஞ்சை நிமிர்த்தினார். "எல்லாம் மன உறுதிதான் டாக்டர்."

"என்ன சாப்பிட்டீக, அதச் சொல்லுங்க. மத்தவுகளுக்குச் சொல்லலாம்."

பூனைச் சாப்பாடு என்று எப்படிச் சொல்வது? சம்சாத் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, நிதானமாகச் சொன்னாள்.

"அவிச்ச மீனு டாக்டர், உப்புக் கம்மியா. அவரைக்கா. அப்புறம் பாகற்கா. கேப்பை ரொட்டி ரெண்டு. காலையில கண்மாய்க்கரை வரைக்கும் வேகமா ஒரு நடை."

"அப்பிடியே நான் சொன்ன பத்தியம்!" என்றார் டாக்டர்.

அலி அக்பர் பெண்டாட்டியின் பக்கம் மெதுவாகத் திரும்பினார். சம்சாத் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது வண்டி ஊர்ந்தது. பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"சம்சாத்து."

"சொல்லுங்க."

"எப்பத் தெரியும்?"

"மொத நாளே தெரியும். எந்தப் பூனை மீனத் தின்னுட்டு முள்ளப் புலி மார்க் தாள்ல மடிச்சு ஜன்னல் வழியா எறியும்?"

வண்டி லேசாக ஆடியது. பிடித்து நிறுத்தினார்.

"அப்ப அந்தச் சட்டி…"

"மொத நாளேர்ந்தே ஒங்களுக்குத்தான். பூனைக்கு வைக்கிற மீன்ல முள்ளெடுக்கணும்னு டாக்டர் சொன்னப்ப நீங்களும் பக்கத்துலதான இருந்தீக? முள்ளோட வச்சது ஆருக்குன்னு ஒரு நாளாவது யோசிச்சீகளா?"

"அப்ப சீனி எங்கன சாப்பிட்டுச்சு?"

"மாடியில. சுமைரா தாவணியில படுக்கை, தட்டையான தட்டு, மூணு வேளையும் முள்ளெடுத்த மீனு. காலையில நீங்க கண்மாய்க்கரையில கத்திக்கிட்டு இருக்கும்போது அது மேல காலைச் சாப்பாடு சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்."

அலி அக்பர் வண்டியை ஓரங்கட்டினார். தெருவில் லேபிள் கட்டுகளோடு ஒரு லாரி போனது. அவர் சம்சாத்தையே பார்த்தார். இருபத்தைந்து வருசத்துக்கு மேலாகப் பார்த்த முகம். சீனி குழி தோண்டி மூடிய அன்று ஜன்னல் இடுக்கில் நின்றாரே, அப்படி நின்றார்.

"நேரா எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேனே. தட்டத் தள்ளிவிட்டீக."

அவர் வண்டியை எடுத்தார். வீடு வரும்வரை எதிரே வந்த வண்டிகளுக்கெல்லாம் மரியாதையாக வழிவிட்டுக்கொண்டு வந்தார்.

அன்று சாயங்காலம் ஒளிவு மறைவு ஒன்றுமில்லை. சம்சாத் தட்டு போட்டு, அவிச்ச மீனும் பாகற்காயும் ரொட்டியும் வைத்து, எதிரே உட்கார்ந்தாள். "இனிமே கள்ளத்தனம் வேணாம். ராசா மாதிரி உக்காந்து சாப்பிடுங்க."

அலி அக்பர் பிஸ்மி சொல்லி ஒரு வாய் எடுத்து வைத்தார். மென்றார். இறங்கவில்லை. இன்னொரு வாய். அதுவும் இறங்கவில்லை. அதே மீன்தான், அதே கைதான் சமைத்தது. ஆனால் பஞ்சைத் தின்கிற மாதிரி இருந்தது. தட்டைத் தள்ளிவிட இப்போது தைரியமும் இல்லை. பரிதாபமாக நிமிர்ந்து பார்த்தார்.

சம்சாத் அவர் முகத்தைப் பார்த்தாள். தட்டை எடுத்தாள். மீனையும் பாகற்காயையும் மண்சட்டியில் கொட்டினாள். ரொட்டியை மேலே வைத்து மூடினாள். அலமாரியில் ஏற்றினாள்.

"அது சீனிக்கு, தொடாதீக" என்றாள். "நான் மாடிக்குத் துணி எடுக்கப் போறேன்."

காலடிச் சத்தம் படியேறி மறைந்தது. அலி அக்பர் வாசலை ஒரு தடவை பார்த்தார். அடுப்படிக்குள் போனார். மூடியைத் திறந்தார். ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டார். யா அல்லா, என்ன ருசி! கண்ணை மூடி மென்றுகொண்டிருந்தபோது மாடியிலிருந்து குரல் வந்தது.

"தின்னு முடிக்கிற வரைக்கும் சட்டியத் தெறந்து போட்டு வைக்காதீக, பூனை வந்துரப் போகுது!"